மலையில் சைக்கிள்: முதலில் ஏற்றம், அப்புறம்தான் இறக்கம்

கேள்வி: பொழுதுபோக்காக சைக்கிள் ஓட்டுபவர்கள் உங்களைப் பற்றிச் சொல்லுங்களேன். வேலை, வீடு, பிள்ளைகள் நடுவே இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது?

நான் கோத்தகிரிக்காரி. வயது 36. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலைக் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் கணவர், ஆறாவது படிக்கும் மகள், மாமியார். வண்டி, கோவையில் 6,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் வாங்கிய 21 கியர் சைக்கிள். எந்த மாதமும் 250 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. அதனால் பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

சைக்கிள் கற்றுக்கொண்டதே மலையில் இல்லை. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளைப் பார்த்து, "இந்த மேட்டுல இத வெச்சு என்ன பண்ண?" என்று அப்பா காரமடையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முழுப் பரீட்சை லீவில் அங்கே போய்த்தான் என் சைக்கிளை நான் ஓட்டினேன். அதற்கப்புறம் பல வருஷம் தொடவே இல்லை. மகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், எனக்கே திரும்ப ஆசை வந்துவிட்டது.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சமவெளியில் ஓட்டுபவர்கள் இத்தனை மணி நேரம், இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். இங்கே அது செல்லாது. வீட்டிலிருந்து கீழே போகிறோமா மேலே போகிறோமா என்பதுதான் கணக்கு. முதலில் இறங்கிப் போவது கடன் வாங்குவது மாதிரி. வாங்கும்போது சுகமாகத்தான் இருக்கும்.

நான் வாங்கிய பெரிய கடன் மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,450 மீட்டர். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். குஞ்சப்பனை வருவதற்குள் ரப்பர் கருகும் வாடை. வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்து வளையத்தில் விரலை வைத்தேன்; தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி சுரீர் என்றது. பிரேக் கட்டையில் இருந்த கோடுகளைக் காணவில்லை, மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. வளையம் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே டியூபே வெடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவைத் தாண்டியதும் கையை எடுத்துவிடுகிறேன். அந்த இடைவெளியில்தான் வளையத்தில் காற்றுப் பட்டுச் சூடு ஆறும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு டீக்கடை. அதுவும் பிரேக்குக்காகத்தான்.

அன்றைக்குத் திரும்பும் கதை இன்னும் மோசம். மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு பத்து மணி வெயிலில் ஏற ஆரம்பித்தேன். என் வண்டியில் ஏற்றத்துக்கென்று இருக்கும் மிக லேசான கியரில் முன் பல்சக்கரத்தில் 24 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல். ஒரு சுற்று மிதித்தால் 1.8 மீட்டர்கூட நகராது. நிமிஷத்துக்கு 60 சுற்று விடாமல் மிதித்தாலும் மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வருவதே கஷ்டம். வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை மணி ஆகும் என்று ஒரு கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பிக்கப் ஒன்று நின்றது. "ஏறுங்கக்கா, சைக்கிளத் தூக்கிப் பின்னால போட்டுக்கலாம்" என்றார் டிரைவர் தம்பி. கேரட் மண்ணோடு மண்ணாக வீடு வந்து சேர்ந்தோம். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அன்று முதல் நான் மேல்பக்கம்தான். ஞாயிறு காலை கட்டபெட்டு வழியாக ஊட்டி ரோடு. இடையில் சின்னச் சின்ன இறக்கம் உண்டு. ஆனால் தொட்டபெட்டா சந்திப்பை நோக்கிப் போகப் போக ஏற்றம்தான். இலக்கு என்று எந்த ஊரும் கிடையாது. ஒன்பது மணி அடிக்கும்போது எங்கே நிற்கிறேனோ, அங்கேயே திரும்பிவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏறியதை முக்கால் மணியில் இறங்கிவிடலாம். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று நடுவில் போன் வந்தாலும் பயமில்லை, வீடு கீழேதான் இருக்கிறது. வார நாளிலும் இதே ஏற்பாடுதான். தொழிற்சாலை எங்கள் வீட்டுக்கு மேலே நாலு கிலோமீட்டர். காலையில் 35 நிமிஷம் மூச்சு வாங்க ஏறுவேன், மாற்றுத் துணி பையில் இருக்கும். சாயங்காலம் பத்து நிமிஷத்தில் வீடு. வாரத்தில் மூன்று நாள் இப்படி. மற்ற நாள் பஸ்.

போகும் வழியில் இலை பறிக்கும் பாட்டி ஒருவர் தினமும் விசாரிப்பார். "பொம்பளைங்களுக்குத்தான் பஸ்ஸு சும்மாவாச்சே, நீ ஏன் கண்ணு இப்படி இரைச்சுக்கிட்டு வர்றே?" இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

நாலரைக்கு எழுந்து ஐந்து மணிக்கு ரோட்டில் இருங்கள் என்று நகரத்து நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து இங்கே அதைச் செய்யாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் விடியற்காலையில் கரடி நடமாட்டம் உண்டு. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஆறரைக்கு மேல்தான் நான் வண்டியை எடுப்பேன். காட்டுமாடு எந்த நேரத்திலும் நிற்கும். ஒருமுறை பனியில் கருப்பாக ஏதோ பாறை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போய்விட்டேன். பாறைக்கு முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால் இருந்தது. பெல் அடிக்கவில்லை. இறங்கி, சத்தமில்லாமல் வண்டியைப் பின்னுக்கு உருட்டிக்கொண்டு போய், அடுத்த பஸ் வரும்வரை நின்று, அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானை வரும். அந்த மாதங்களில் அந்த ரோடே வேண்டாம்.

வருஷக் கணக்கு தனி. மே, ஜூனில் இலை வரத்து கொட்டும், எனக்கு ஞாயிறும் வேலை இருக்கும். ஊட்டி சீசன் கார்களும் ரோட்டை அடைத்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம்தான் வெளுத்து வாங்கும், மண் சரியும். வண்டி திண்ணையில் கிடக்கும். பனிக்காலத்தில் இலை குறைந்து, தொழிற்சாலை தினமும் ஓடாது. அப்போதுதான் எனக்கு நேரம். ஆனால் ஜனவரிக் குளிரில் இறங்கும்போது விரல் மடங்காது, பிரேக் பிடிக்க முடியாது. கம்பளிக் கையுறை காற்றைத் தடுக்கவில்லை. அதற்கு மேல் ரெக்சின் கையுறை ஒன்றைப் போட்ட பிறகு பரவாயில்லை.

2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் என்ற சைக்கிள் பயணக்காரர்கள், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உதவி வண்டி வரும். எனக்குப் பின்னால் மாமியாரின் போன்தான் வரும். ஆனாலும் கல்லட்டியில் பாதியாவது ஏறிப் பார்க்க ஆசை இருக்கிறது. வெளியூரிலிருந்து சைக்கிளோடு வருபவர்கள் சொந்தத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை. ரோட்டோரம் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்துக்கு 34 பல் ஃப்ரீவீல், அதாவது இன்னும் பெரிய பல்சக்கரம், வேண்டும் என்று போன வாரம் கோவைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அதுக்கு நடந்தே போயிடலாமேங்க" என்று சிரித்துவிட்டு, முன்பணம் 200 வாங்கிக்கொண்டார்.