இடுப்புக்குப் போன கை

அன்புள்ள சார்,

போன வாரம் ‘வின்செஸ்டர் 73’ என்ற பழைய ஹாலிவுட் கௌபாய் படத்தை மொபைலில், ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். ஒரு துப்பாக்கியைத் திருடினான் என்பதற்காகக் கூடப்பிறந்தவனையே ஒருவன் ஊர் ஊராகத் துரத்திப்போய்ச் சுடுவானா? அதில் வரும் வயாட் ஏர்ப் உண்மையிலேயே டாட்ஜ் சிட்டியில் மார்ஷலா, அதாவது ஊர்க்காவல் தலைவரா? செவ்விந்தியத் தலைவன் வேடத்தை வெள்ளைக்கார நடிகர் ராக் ஹட்சனுக்குக் கொடுத்த படத்தை இன்னும் நாம் கொண்டாட வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

கதை நடக்கும் 1876இல் ஏர்ப் அங்கே உதவி மார்ஷல்தான், தலைமை மார்ஷல் இல்லை. சினிமாவில் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள், விடுங்கள். ராக் ஹட்சன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒன்றரை மடங்கு வேகம்! பாயசத்தை மடக்கென்று விழுங்கிவிட்டு முந்திரி எங்கே என்று கேட்கிறீர்கள். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் டாட்ஜ் சிட்டிக்கு வருவதே அந்தக் கூடப்பிறந்தவனைத் தேடித்தான். அந்தத் துப்பாக்கியை அப்போது அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்பாவை முதுகில் சுட்டவன் அவன். கடைசியில் ஸ்டூவர்ட்டின் தோழர் ஹை ஸ்பேட் அதை நாயகி லோலாவிடம் வாய்விட்டுச் சொல்கிறார். அதையும் ஓட்டிவிட்டிருப்பீர்கள்.

ஓட்டிவிடக் கூடாத இடம் இன்னொன்று உண்டு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வரும். ஊருக்குள் நுழைகிறவர்களின் துப்பாக்கிகளை ஏர்ப் வாங்கி வைத்துக்கொள்கிறார். இது கதைக்காகச் சேர்த்ததில்லை. 1870களின் இறுதியில் எடுத்த டாட்ஜ் சிட்டி புகைப்படம் ஒன்றில், துப்பாக்கி வைத்திருக்கத் தடை என்ற பலகை நடுத்தெருவில் நிற்கிறது. சரி, ஸ்டூவர்ட் சலூனுக்குள் போகிறார். சீட்டாடிக்கொண்டிருக்கும் ஸ்டீபன் மெக்நாலி, அந்தக் கூடப்பிறந்தவனாக நடிப்பவர், நிமிர்கிறார். கண்ணும் கண்ணும் சந்தித்த அந்த நொடியில் இரண்டு பேர் கையும் இடுப்புக்குப் பாய்கிறது. அங்கே ஒன்றுமில்லை. வெறும் பெல்ட்.

ஒரே ஆள் கற்றுக்கொடுத்த இரண்டு கைகள். அவர்கள் அண்ணன் தம்பி என்பதை இயக்குநர் ஆந்தணி மான் அங்கேயே சொல்லிவிட்டார் என்பேன். அதன்பிறகு படம் முழுக்க அந்த வின்செஸ்டர் துப்பாக்கி கைமாறுகிறது. சுடும் போட்டியில் அதைப் பரிசாக ஜெயித்த ஸ்டூவர்ட்டிடமிருந்து திருடனுக்கு, சீட்டாட்டத்தில் வியாபாரிக்கு, அவன் உச்சந்தலைத் தோலோடு சேர்த்து செவ்விந்தியத் தலைவன் யங் புல்லுக்கு, இப்படியே. ஆனால் குண்டு பறக்கிற எந்தக் காட்சியும் எனக்கு அந்த வெறுங்கை அளவுக்குப் பயம் கொடுத்ததில்லை.

என் பெரியப்பா சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தீபாவளிக்குத் தெருவில் திடீரென்று வெடி வெடித்தால், ஈசிசேரில் கண்மூடிக் கிடக்கிற மனிதரின் வலது கை சட்டென்று இடுப்புக்குப் போகும். அங்கே இருப்பது வேட்டி மடிப்பில் சொருகிய பொடிமட்டை. ஒரு கணம் அதை அழுத்திப் பிடித்திருப்பார். அப்புறம் நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல மட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சுவார். நாங்கள் பிள்ளைகள், அதற்காகவே அவருக்குப் பின்னால் போய் லட்சுமி வெடி வைப்போம். பெரியம்மா ஒருமுறை விளக்குமாற்றோடு துரத்தி வந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. பெரியப்பா அந்தக் கையால் என்ன செய்தார், யாரைச் சுட்டார், சுட்டாரா என்பதையெல்லாம் வீட்டில் யாரும் பேசியதில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

பல வருஷம் கழித்து அந்த சலூன் காட்சியை முதல்முறை பார்த்தபோது எனக்குப் பொடி வாசனை அடித்தது. அன்றைக்கு வெடி வைத்த கை என்னுடையதும்தான்.

நீங்கள் வேறென்னவோ கேட்டிருந்தீர்கள். பரவாயில்லை. வீட்டில் டிவி இருக்கிறதல்லவா, அதில் பாருங்கள். முழுசாக வேண்டாம், சலூன் வரைக்குமாவது. வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டு.