ஆவாரம்பூவில் தேன் இல்லை

கேள்வி: எங்கள் மொட்டைமாடியில் காலை முதல் மாலை வரை வெயில். ஆவாரை வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்கிறார்கள். ஊரிலிருந்து காய்ந்த காய்களைக் கொண்டுவந்து விதைத்தேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லையே?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: விதை செத்துவிடவில்லை, சகோதரி. ஆவாரை விதையின் தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளே இறங்காது. மண்ணைக் கிளறி அந்த விதைகளையே எடுங்கள். உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை ஊன்றுங்கள். உப்பாதவற்றை மறுபடி தேய்க்கலாம். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் பிடுங்கி நடக்கூடாது. பெரிய பெயின்ட் வாளியின் அடியில் துளையிட்டு, மணல் கலந்த மண்ணில் நேரடியாக விதையுங்கள்.

நம் வடசென்னையில் தண்ணீர்தான் பெரிய கவலை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிய தொட்டிகளில் ஒரே கோடையில் உப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. இப்போது ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் அரிசி கழுவிய நீரையும்தான் ஊற்றுகிறேன். வேர் பிடித்துவிட்டால் ஆவாரை அதிகம் கேட்காது.

இன்னொன்று. ஆவாரம்பூவில் தேனே கிடையாது! பூவைத் தேடி வருவது கருவண்டு. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கிறது. வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். காலையில் மாடிப்படி ஏறும்போதே அந்த ரீங்காரம் எனக்குக் கேட்டுவிடும்.

வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வருவது இலைக்காக, முட்டையிட. பச்சைப் புழுக்கள் இலையை அரித்துத் தின்னும். முதல் வருடம் பதறிப்போய் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன். புழுக்கள் செத்து உதிர்ந்தன. அந்த வருடம் எங்கள் மாடியில் ஒரு வண்ணத்துப்பூச்சிகூடப் பறக்கவில்லை. இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது. நீங்கள் எதையும் தெளிக்காதீர்கள். மொட்டையான கிளை மறுபடி துளிர்த்துவிடும்.

கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சிக்குத் தேன் வேண்டுமே, அதற்குத் தும்பை வையுங்கள். காசிமேட்டில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். உப்புப் போக இரண்டு முறை கழுவிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு காலி மனைகளில் தும்பை தானாக முளைத்திருக்கும். இளஞ்செடிகள் ஒன்றிரண்டை வேர்மண்ணோடு எடுத்துவந்து நடுங்கள். உரம் வேண்டாம், இலைதான் கொழுக்கும். காய்ந்த பிறகும் செடியைப் பிடுங்காமல் விடுங்கள். உதிர்ந்த விதை அடுத்த மழைக்கு முளைக்கும்.

ஆவாரை முளைவிட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.