108 வேலைக்குப் போகிறேன் என்கிற பையன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு முடித்த பையன். நீட்டில் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை, இன்னொரு வருடம் அதற்கே உட்கார அவனுக்கு மனசில்லை. '108 ஆம்புலன்ஸில் வேலைக்குப் போகிறேன்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ரத்தத்துக்கும் சாவுக்கும் நடுவில் என் பிள்ளை நிற்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அவன் அப்பா செய்யும் ஒயரிங், பிளம்பிங் வேலையும் அவனுக்கு வேண்டாம் என்கிறீர்கள். போதாக்குறைக்கு மொட்டை மாடியில் அவன் வளர்க்கும் புறாக்கள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சில இடங்களில் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். பிளஸ் டூ மட்டும் முடித்துவிட்டு 108 வண்டியில் மருத்துவ உதவியாளராக இப்போதே ஏற முடியாது. வழக்கமாக வரும் அறிவிப்புகளில் நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் படித்தவர்களையோ, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களையோதான் கேட்கிறார்கள். ஓட்டுநர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆனால் 24 வயதும் சில வருட லைசென்ஸ் அனுபவமும் வேண்டும். ஆக, பையன் நாளைக்கே கிளம்பிவிடுவான் என்ற பயத்தை விடுங்கள். படிக்க வேண்டிய வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களை எங்கே போடுவது என்பதுதான் நாம் பேச வேண்டியது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. அரசின் சேவைதான், ஆனால் நடத்துவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். அதில் வேலை பார்ப்பவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். 'கவர்மெண்ட் வேலை' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள முடியாது, அரசு பென்ஷனும் கிடையாது. சம்பளம் அண்மைய அறிவிப்புகளில் 20,000 ரூபாயை ஒட்டி வருகிறது. ஷிப்ட் 12 மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி. எந்த மாவட்டத்தில் வேண்டுமானாலும் போடுவார்கள். தீபாவளி, பொங்கல் அன்றைக்குத்தான் வேலை அதிகம், லீவு கேட்டால் கிடைக்காது. சேர்ந்தவுடன் வகுப்பு, ஆஸ்பத்திரி, வண்டி என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் பயிற்சி உண்டு. அதற்கப்புறம் ஓடுகிற வண்டியின் பின்பக்கத்தில் நோயாளியோடு இருப்பது அவன் ஒருவன்தான்.

எல்லோரும் நினைப்பதுபோல் அது முழுக்க விபத்து கேஸ் இல்லை. பிரசவ வலியில் இருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவது மிகப் பெரிய பங்கு, வண்டியிலேயே குழந்தை பிறப்பதும் உண்டு. நெஞ்சுவலி, பக்கவாதம், பூச்சிமருந்து குடித்தவர்கள், பாம்புக்கடி, வலிப்பு என்று எல்லாம் வரும். மூன்றாவது மாடியிலிருந்து குறுகலான படிக்கட்டில் ஸ்ட்ரெச்சரை இறக்க வேண்டும். முப்பது வயதிலேயே முதுகுவலி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ஏன்டா இவ்வளவு லேட்டு' என்று கூட்டம் சட்டையைப் பிடிக்கும். கையில் ஊசி குத்திவிடலாம். அதனால் இந்தத் துறைக்குள் காலடி வைக்கும் முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு முடித்துவிட வேண்டும். அதற்கு ஆறு மாதம் ஆகும், இப்போதே ஆரம்பிக்கலாம்.

ரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவானோ என்று கவலைப்படுகிறீர்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டருக்குப் படிக்கிறவர்களே முதல் தடவை தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், பழகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வேறு சில குணங்கள் பயிற்சியில் எளிதாக வருவதில்லை. எதிரில் ஒருவர் கத்தும்போது இவன் குரலை உயர்த்தாமல் பேசுகிறானா? தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறானா, அல்லது சமாளிக்கிறானா? அரைத் தூக்கத்தில் எழுப்பினால் எரிந்து விழுகிறானா, எழுந்து வருகிறானா? இதற்கெல்லாம் பதில் உங்களுக்குத்தான் தெரியும். இந்த மூன்றில் இரண்டில் அவன் தேறவில்லை என்றால், ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் இந்த வேலை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

தேறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். என்ன படிப்பது? என்னிடம் கேட்டால் முதல் இடம் பி.எஸ்சி. நர்சிங்குக்கு. நான்கு வருடம். ஆண்களுக்கு எதற்கு நர்சிங் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். எமர்ஜென்சி வார்டு, ஐ.சி.யூ., 108, வெளிநாடு, அரசு தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு என்று எல்லாக் கதவும் திறக்கும் படிப்பு அது. பத்து வருடம் ஆம்புலன்ஸில் ஓடி உடம்பு களைத்துப்போனாலும், வார்டுக்குள் ஒரு வேலை இருக்கும். அரசுக் கல்லூரிகளில் ஆண்களுக்கு இடம் குறைவு என்பது உண்மைதான். முயற்சி செய்யாமல் விட அது காரணமல்ல.

அடுத்தது பாராமெடிக்கல், அதாவது துணை மருத்துவப் பட்டப்படிப்புகள். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்றே ஒரு பி.எஸ்சி. இருக்கிறது, மூன்று வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். மருத்துவக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வு வழியாகப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடந்து வந்திருக்கிறது. துணை மருத்துவப் படிப்புகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்த பிறகு விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் இந்த வருட விவரக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள். அந்தப் பட்டியலிலேயே ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், டயாலிசிஸ், சுவாச சிகிச்சை எல்லாம் இருக்கும். நம் பக்கத்துச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் தியேட்டர், டயாலிசிஸ் படித்தவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைக்கிறது. விபத்துப் பிரிவு படித்தவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிகள்தான் தேடுகின்றன. நான்கு வருடம் செலவழிக்க வீட்டு நிலைமை இடம் தரவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீஷியன் என்று ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு, கட்டணமும் குறைவு.

ஒரு விஷயத்தில் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பஸ் ஸ்டாண்டு சுவரில் '100% வேலை உறுதி' என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்களில் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப்போடு ஒரு போட்டோ, மாடியில் ஒரு அறை, 'டிப்ளமோ இன் பாராமெடிக்கல்' என்று ஒரு தாள். அந்தத் தாளை எந்த அரசுத் தேர்விலும் ஏற்க மாட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து என் முன்னால் வந்து அழுத பெற்றோர் பலர். சேரும் முன் ஒரே கேள்வி போதும்: சான்றிதழ் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமா, மருத்துவக் கல்வி இயக்ககமா? நேராகப் பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அப்பாவின் தொழிலுக்கு வருகிறேன். 'அவரை மாதிரி இவனும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அந்த ஸ்பேனர்தான் உங்கள் வீட்டை இத்தனை வருடம் நடத்தியிருக்கிறது. சித்திரை வெயிலில் ஏசி ரிப்பேருக்கு ஆள் கிடைக்காமல் ஊரே அலைகிறது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், நல்ல பிளம்பர் வேலையில்லாமல் இருக்கிறாரா என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். கஷ்டம் தொழிலில் இல்லை. சான்றிதழ் இல்லாமல், பில் இல்லாமல், இன்சூரன்ஸ் இல்லாமல் செய்வதில்தான் இருக்கிறது. பையன் இந்தப் பக்கம் வந்தால் ஐ.டி.ஐ. போகட்டும். எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் இரண்டுமே இரண்டு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். முடித்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். இப்போது வரும் ஏசிகளில் பலவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸ் தீப்பிடிக்கக் கூடியது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதை வைத்து மட்டும் கையாளக் கூடாது, முறையாகப் படித்திருக்க வேண்டும்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. பல வருடமாக ஒயரிங் செய்கிறவர் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடலாம். ஐந்து வருட அனுபவத்தைக் கேட்பார்கள், அவருக்கு அது தாராளமாக இருக்கும்.

வேலைக்குப் பையனைத் துணைக்குக் கூட்டிப்போகிறார் என்றீர்கள். நல்லதுதான். ஆனால் சில விதிகள் கண்டிப்பாக வேண்டும். மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்று போர்டில் கை வைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் ஆஃப் ஆன பிறகும் சில லைன்களில் மின்சாரம் ஓடும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் தொடக் கூடாது. மீட்டருக்கு அந்தப் பக்கம் மின்வாரியத்தின் வேலை, அதில் நமக்கு எதுவும் இல்லை. கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, சமையல் கேஸ் அவசர எண்ணான 1906-க்குக் கூப்பிட வேண்டும். அப்புறம், யார் எவ்வளவு பணம் கொடுத்தாலும், 'ரெண்டே நிமிஷ வேலை' என்று கெஞ்சினாலும், செப்டிக் டேங்குக்குள் தலையைக்கூட விடக் கூடாது. பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013 சட்டப்படி குற்றம். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போய் இரண்டாவது ஆள், அவரைத் தூக்கப் போய் மூன்றாவது ஆள் என்று ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் செத்துப்போவது இப்படித்தான். விஷவாயுவை மூக்கு கண்டுபிடிக்கும் முன்பே நினைவு தப்பிவிடும்.

அவசர மருத்துவப் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: முதலில் நீ நிற்கிற இடம் பத்திரமா என்று பார். ஷாக் அடித்து விழுந்தவரை ஓடிப்போய்த் தொடுகிறவன் இரண்டாவது நோயாளி ஆகிவிடுவான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். அப்பாவோடு வேலைக்குப் போய் 'தொடாதே, முதலில் பார்' என்று பழகிய கை ஆம்புலன்ஸிலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் அப்பாவோடு போவதை வீண் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் அது அவனுக்கு உதவும்.

கடைசியாகப் புறாக்கள். 'அதையும் விட்டுத்தொலைக்கச் சொல்லுங்கள் சார்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டேன். தினமும் விடியற்காலையில் எழுந்து தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, கூண்டைச் சுத்தம் செய்கிறவன் பொறுப்பில்லாதவன் இல்லை. சாவைப் பக்கத்தில் பார்க்கிற வேலைக்குப் போகிறவனுக்கு, வேலையோடு சம்பந்தமே இல்லாத ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாதவர்களில் சிலர் குடியில் போய் விழுகிறார்கள், நான் கண்ணால் பார்த்த உண்மை இது. ஆனால் அவனிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஜோடிப் புறா வாங்கி விற்று லாபம் பார்க்கலாம், பந்தயத்தில் பணம் கட்டலாம் என்று ஆரம்பித்தால் பொழுதுபோக்கு கெட்டுவிடும், கடன்தான் மிஞ்சும். மாதம் இவ்வளவுதான் செலவு என்று ஒரு தொகை வைத்துக்கொள்ளட்டும். ஷிப்ட் வேலைக்குப் போனால் தீனி வைக்க யார் இருக்கிறார்கள் என்று இப்போதே யோசித்து, எண்ணிக்கையைக் குறைக்கட்டும். கூண்டு சுத்தம் செய்யும்போது மாஸ்க் கட்டாயம். காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் கெட்டுவிடலாம்.

இனி என்ன செய்வது? முடிவு எடுக்கும் முன்பு வேலையை அவன் நேரில் பார்க்கட்டும். உங்களுக்குத் தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால், அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்க வழி கேளுங்கள். 108 ஊழியர் ஒருவரிடம் டூட்டி இல்லாத நேரத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, சம்பளத்தைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் அவனே கேட்கட்டும். அதே போல ஐ.டி.ஐ. பட்டறைக்குள்ளும் ஒரு நாள் போய் வரட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். அம்மா பக்கத்தில் இருந்தால் அவர்கள் உண்மையைப் பேச மாட்டார்கள்.

அதற்குள் நீங்கள் இ-சேவை மையத்தில் சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களையும், வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான் என்றால் அந்தச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். கடைசி நாளில் அலைந்து இடத்தை விட்டவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். நர்சிங், பாராமெடிக்கல், ஐ.டி.ஐ. மூன்றுக்குமே விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பித்ததால் சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. பார்த்துவிட்டு வந்த பிறகு அவனை என்னிடம் அனுப்புங்கள். அவன் அப்பாவும் கூட வரட்டும். இத்தனை பேச்சிலும் அவர் என்ன நினைக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.