கற்பனை நகர அரசு ஒன்றில் குடியுரிமைச் சட்டமும் கடமைகளும் எப்படி இருக்கலாம்?

கதைக்காக ஒரு நகர அரசை உருவாக்குகிறேன், அதில் யார் குடிமகன், அவனுக்கு என்ன கடமை என்று எப்படி வகுப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் வாழ்கிறவள். குடிமகனை அப்புறம் பார்க்கலாம்; ஊருக்குள்ளேயே இருந்தும் குடிமகன் ஆகாதவனிடமிருந்து தொடங்குங்கள் என்பேன்.

2014-ல் என் மகனை, ராணுவப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவில் கொண்டுபோய் விட்டோம். வயது 18. அப்போது எங்கள் வீட்டில் எல்லாருமே நிரந்தரவாசிகள், கையில் இந்தியப் பாஸ்போர்ட். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் வாங்கிய பையன்கள் இரண்டு வருடம் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, செய்தே ஆகவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அன்று அவனுடைய நீல ஐசியை (நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை) வாங்கி வைத்துக்கொண்டு ராணுவ அட்டையைக் கொடுத்தார்கள். நீட்டுவதற்கு முன் ஐசியைச் சட்டையில் ஒரு தடவை துடைத்தான். பிறகு முகாம் உணவுக்கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். படகில் திரும்பும்போது என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடிமக்கள் வீட்டுப் பையனும் 18 வயதில் துப்பாக்கி பிடிக்கிறான், ஆனால் ஓட்டு 21-ல்தான். என் மகனுக்கோ அதுவும் இல்லை. கடமை முன்னால் வரும், உரிமை பின்னால் வரும். உங்கள் நகரத்தில் இந்த இடைவெளி எத்தனை வருடம், யாருக்கு அது முடிவதே இல்லை என்பதைத் தீர்மானித்துவிட்டால் கதையில் பாதி வந்துவிடும்.

பிறகு நாங்கள் குடியுரிமை வாங்கினோம். இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்காததால் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ரத்து முத்திரையோடு திரும்பி வந்ததை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். இங்கே ஓட்டுப் போடுவதும் கட்டாயம். தவறினால் வாக்காளர் பட்டியலில் பெயர் போய்விடும்; தக்க காரணம் இல்லாவிட்டால் திரும்பச் சேர்க்க 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும்.

பழைய உதாரணம் வேண்டுமென்றால் பண்டைய கிரேக்க நகர அரசான ஏதென்ஸ். அங்கே குடியேறிய வெளியூர்க்காரர் ஆண்டுக்கு 12 திராக்மா (அந்த ஊர் நாணயம்) தலைவரி கட்டினார், போருக்கும் போனார். ஆனால் குடிமக்கள் சபையில் ஓட்டில்லை, நிலம் வாங்கவும் முடியாது. கி.மு. 451-ல் தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று சட்டம் கொண்டுவந்தவர் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ். பின்னாளில் அவருடைய மனைவிக்குப் பிறந்த இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் இறந்துபோனார்கள். மிஞ்சிய மகன், அவரோடு வாழ்ந்த மிலேட்டஸ் ஊர்க்காரியான அஸ்பாசியாவுக்குப் பிறந்தவன், அந்தச் சட்டப்படி அவன் அந்நியன். விதிவிலக்கு கேட்டு சபையிடம் போய் நின்றார், கொடுத்தார்கள். அந்த மகன் தளபதியாகி, கி.மு. 406-ல் அர்கினுசே கடற்போரில் வென்றான். புயலில் தத்தளித்த வீரர்களைக் காப்பாற்றத் தவறினார்கள் என்று சொல்லி, வேறு ஐந்து தளபதிகளோடு அவனுக்கும் மரண தண்டனை கொடுத்தது அதே சபைதான்.

உங்கள் நகரத்தில் சட்டத்தை எழுதியவர் யார், அவர் வீட்டிலேயே அது யாரைத் தொடும் என்பதையும் யோசித்து வையுங்கள்.