வாசகர் கேள்வி பதில்: பெல்கார் சாவானா, மாட்டானா?

இந்த மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே படக்கதையைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். படிக்காதவர்களுக்காக நாலு வரி: ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ என்பது ரிச் பர்லூ என்ற அமெரிக்கர் 2003-லிருந்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவரும் மாயாஜாலத் தொடர். ஆட்கள் எல்லாரும் குச்சி உடம்பும் உருண்டைத் தலையுமாக இருப்பார்கள், ஆனால் கதை கனமானது. உலகத்தையே பிய்த்துப்போடக்கூடிய ஸ்னார்ல் என்ற ஒன்றை அடைத்துவைத்த ஐந்து வாசல்களில் நான்கு உடைந்துவிட்டன, கடைசி வாசல் வடக்கே பனிப்பிரதேசத்தில் இருக்கிறது. ராய் தலைமையில் ஆறு பேர் ஒரு பக்கம் (கத்திக்காரன் பெல்கார், மந்திரவாதி வார்சூவியஸ், தோர் கடவுளின் பூசாரி டர்கான் எல்லாரும் இதில்தான்), செத்தும் சாகாத மந்திரவாதி ஸைகோனும் அவனோடு இருக்கும் கோப்ளின் பூசாரி ரெட்கிளோக்கும் மறுபக்கம். பக்கங்கள் 1,300-ஐத் தாண்டிவிட்டன, இப்போது ஓடுவது கடைசிப் பாகமான ஏழாவது. இன்னும் படித்து முடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் வாருங்கள், ஏனென்றால் கீழே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கிறேன்.

அண்ணே, புதுப் பக்கம் வந்த அன்னைக்கு டியூஷன் முடிஞ்சு மாமாக் கடையில உட்கார்ந்து ஒரே சண்டை. பெல்கார் செத்துருவான்னு குறி சொல்றவன் தெளிவா சொல்லிட்டான். ஆனா என் கூட்டாளி, அவன் சாகமாட்டான், வாசல் வழியா வேற உலகத்துக்குப் போயிருவான்னு அடம் பிடிக்கிறான். யார் சொல்றது சரி?
*– ஐந்தாம் படிவ மாணவர், சுங்கை சிப்புட்*

தம்பி, உன் கூட்டாளி காற்றில் சொல்லவில்லை. உடைந்த வாசலின் பிளவுக்குள்ளே இன்னொரு உலகம் தெரிவதை வார்சூவியஸின் அண்டங்காக்கை பார்த்துவிட்டது. அதை ஆசிரியர் சும்மா வரைந்திருக்கமாட்டார். ஆனால் குறி சொல்பவன் ராயிடம் சொன்னதைத் திரும்பப் போய்ப் படி: இந்த ஆண்டு முடிவதற்குள் பெல்கார் கடைசி மூச்சை விடுவான், அதற்குப் பிறகு எப்போதுமே இல்லை. வேறு உலகத்துக்குப் போனாலும் அங்கேயும் மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்? அப்படியென்றால் அவன் ரத்தக்காட்டேரியாக மாறிவிடுவான், காட்டேரிக்கு மூச்சு கிடையாது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. டர்கானை அப்படி மாற்றியதையும் பார்த்தோம். ஆனால் டர்கான் திரும்ப உயிரோடு எழுந்து வந்தார், மறுபடி மூச்சு விட்டார். ஆகவே காட்டேரி ஆனால்கூட ஒருவரும் அவனைத் திருப்பிக் கொண்டுவரவே முடியாது என்ற நிலை வேண்டும், அந்தக் குறி அவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தக் குறிக்காரன் பொய் சொல்வதே இல்லை என்பதையும் கணக்கில் வை. நம்ம பாரதத்தில் ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று தருமர் சொன்னாரே, அந்த வகை உண்மை அது. டர்கானுக்கு ‘செத்த பிறகு ஊர் திரும்புவாய்’ என்றான், மனுஷர் ஊரில் அடக்கம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டார், கடைசியில் காட்டேரியாகப் போய் நின்றார். பெல்காருக்கும் முன்பே ஒரு குறி உண்டு. ராய், மிக்கோ என்ற புனித வீராங்கனை, மிக்கோவின் குதிரை, வார்சூவியஸ், குறி சொல்லும் நீ, இதில் யாராவது ஒருவர் சாவுக்காவது நான் காரணமாவேனா என்று பெல்கார் கேட்டான், ஆமாம் என்று பதில் வந்தது. ராய் செத்த பிறகு அந்தக் குறிக்காரன் அதற்கு நீதான் ஒருவிதத்தில் காரணம் என்று சுற்றிச் சுற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெல்கார் கத்தியை எடுத்து அவனையே குத்திவிட்டான். பட்டியலில் கடைசி ஆள் அவன்தான். இதைப் படிக்கிறபோது ஆசிரியர் எவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிகிறது இல்லையா?

என் கணிப்பைக் கேட்டால், பெல்கார் உண்மையாகவே சாவான். காட்டேரி டர்கான் கூட்டத்தோடு நடந்தபோது ராய் முதற்கொண்டு எல்லாரும் நண்பர் திரும்பி வந்துவிட்டார் என்று நம்பினார்கள். பெல்கார் ஒருத்தன்தான் இது அவரில்லை, அவர் உடம்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற வேறு ஏதோ என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான். ஆரம்பத்தில் பொழுதுபோக்குக்குக் கொலை செய்தவன், பிறகு திருந்தியதாக நடிக்கத் தொடங்கியவன், நடிப்பு எப்போது நிஜமானது என்று அவனுக்கே தெரியாத ஆள், செத்துப்போன ஒருவருக்காக அங்கே நிற்கிறான். இப்படி வளர்த்த பாத்திரத்தை ஓட்டை வழியாகத் தப்பவிட்டால் இத்தனை வருட உழைப்பு வீண். அவன் சாவான், தானே முடிவெடுத்துச் சாவான். அவன் பூனை ஸ்கிரஃபி யாரிடம் போகும் என்பதுதான் எனக்குக் கவலை.

தம்பி, என் பேரப்பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, வராத பக்கத்தில் என்ன வரும் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அடுத்த வாரம் வந்தால் தெரிந்துவிடப் போகிறது. இது நேர விரயம் இல்லையா?
*– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்*

ஐயா, வணக்கம். உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் தொடராக வந்த கதை. ஒவ்வொரு வாரமும் ‘தொடரும்’ போட்ட இடத்திலிருந்து அடுத்த இதழ் வரை வாசகர்கள் செய்ததும் இதேதான். கடம்பூர் மாளிகையில் அந்த இருட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் கை என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை, கதை முடிந்து எழுபது வருடம் ஆகியும். ஒருவர் நந்தினி என்கிறார், இன்னொருவர் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசனும் அவன் உடன்பிறந்தாரும் துரோகிகள் என்று பொறித்திருப்பதை எடுத்துக்கொண்டு வருகிறார். அப்படிச் சண்டை போட்டதால்தானே எத்தனையோ பேர் கல்வெட்டு என்றால் என்ன என்று தேடிப் படித்தார்கள்?

பேரப்பிள்ளைகள் வெறுமனே ‘இவன் சாவான், அவள் ஜெயிப்பாள்’ என்று பந்தயம் கட்டினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று ஒருவன் கேட்பான், மற்றவன் ஐந்நூறு பக்கம் பின்னால் போய் ஒரு கட்டத்தைக் காட்டுவான். வார்சூவியஸ் ஒரு கருப்பு டிராகன் மேலிருந்த ஆத்திரத்தில் அதன் வம்சத்தையே ஒரே மந்திரத்தில் அழித்தபோது, தூரத்தில் எங்கெங்கோ யார் யாரோ விழுந்து செத்தார்கள். ரொம்ப நாள் கழித்து நாலாவது வாசலைக் காக்கிற குடும்பத்தைத் தேடிப் போனால், பிரமிடு முழுக்கப் பிணம். அவர்கள் உடம்பிலும் டிராகன் ரத்தம் ஓடியிருக்கிறது. முன்பக்கத்தை நினைவில் வைத்திருந்தவனுக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும், வைத்திராதவனுக்கு அது வெறும் பிணக்குவியல். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வின் இலக்கியத் தாளுக்கு ஆசிரியர்கள் கெஞ்சிக் கேட்கிற வாசிப்பை இந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள் ஐயா.

இருட்டுக்குள்ள இருக்கிற அந்த மிருகம் என்ன மிருகம்? எனக்கு மண்டையே வெடிச்சுரும் போல இருக்கு.
*– இரண்டாம் படிவ மாணவி*

தங்கச்சி, இருபது வருடமாக எல்லாருக்கும் வெடிக்கிறது. ஸைகோன் அதைக் குடைக்கு அடியிலும் பெட்டிக்குள்ளும் ஒளித்து வைத்திருக்கிறான், தக்க சமயத்தில் எல்லாரையும் மிரள வைக்கிற மாதிரி காட்டவேண்டுமாம். நமக்குத் தெரிவது ரெண்டு மஞ்சள் கண் மட்டும். நீ ஒரு நோட்டுப் புத்தகத்தில் ரெண்டு பத்தி போட்டுக்கொள், அது செய்த காரியம் ஒரு பக்கம், அதைப் பார்த்த ஆட்கள் காட்டிய முகம் ஒரு பக்கம். யார் மெதுவாக அடிப்பது என்ற விளையாட்டில் அது மெதுவாகத் தட்டியதற்கே மிக்கோவும் குதிரையும் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்தார்கள். ஓ-சுல் என்ற கைதியையும் வார்சூவியஸையும் தப்பித்துப் போகச் சொன்னவுடன் அவர்கள் மாயமாகி வேறு இடத்தில் போய் விழுந்தார்கள். ஆக பலம் மட்டும் போதாது, விரும்பியதை நடத்துகிற சக்தியும் வேண்டும். நீ சொல்லும் மிருகம் இந்த இரண்டில் ஒன்றைச் செய்ய முடியாது என்றால் அதை அடித்துவிட்டு அடுத்ததைப் பார். எனக்கு எந்த மிருகம் என்பதைவிட, ஓ-சுல் அதோடு உட்கார்ந்து விளையாடிப் பேசிப் பழகினாரே, அந்தப் பழக்கம்தான் கடைசியில் எண்ணப்படும் என்று தோன்றுகிறது.

அடுத்த பக்கம் ஏன் இவ்வளவு லேட்டு?
*– பலர்*

ஒரே ஆள் எழுதி ஒரே ஆள் வரைகிறார். 2012-ல் தீர்ந்துபோன புத்தகங்களை மறுபடி அச்சிட வாசகர்களிடம் பணம் திரட்டியபோது பன்னிரண்டு லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அதே வருடம் கண்ணாடி குத்திக் கட்டைவிரலில் ஆழமாக வெட்டி, மாதக்கணக்கில் அவரால் வரைய முடியவில்லை. பொறுங்கள். திட்டி எழுதாதீர்கள்.

அண்ணா, எங்க பாட்டி பால்மரம் வெட்டினவங்க. தோட்டத்தை வித்தப்போ லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, அப்புறம்தான் தாமான் வீட்டுக்கு வந்தோம். ரெட்கிளோக் பேசுற பக்கம் வந்தா எனக்கு அவன் மேல கோபமே வரமாட்டேங்குது. கூட்டாளிங்க எல்லாம் வில்லனுக்கு வக்காலத்து வாங்குறேன்னு சொல்றாங்க. இது தப்பா?
*– வாசகி, செம்பனைத் தோட்டப் பக்கம்*

தப்பே இல்லைம்மா. இந்த மாதம் வந்ததில் நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்த கடிதம் உன்னுடையது.

ரெட்கிளோக் நம்புகிற வரலாறு இதுதான்: வீரர்கள் கொன்று அனுபவம் சேர்த்துக்கொள்வதற்கென்றே கடவுள்கள் கோப்ளின்களைப் படைத்தார்கள், நல்ல நிலமெல்லாம் மற்றவர்களுக்குப் போனது. கடவுள்கள் தரப்பில் வேறு கதை சொல்கிறார்கள். ஆனால் அவன் சின்ன வயதில் தன் கிராமத்தில் புனித வீரர்கள் புகுந்து பிள்ளைகள் முதல் வெட்டிச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்தவன், அதை முன்கதைப் புத்தகத்தில் ஆசிரியரே வரைந்து காட்டியிருக்கிறார். எல்லா மாயாஜாலக் கதையிலும் கணக்கில்லாமல் செத்து விழுகிற பச்சை ஆட்களுக்கு வீடு இருந்தது, தம்பி தங்கை இருந்தார்கள் என்று சொல்வதற்காகவே இந்தப் பாத்திரம். ஆள்கணக்குப் பதிவேட்டில் வெறும் எண்ணாக இருந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அது சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

ஆனால் நீ அவனுக்காகப் பேசும்போது முழுக் கணக்கையும் பேசு. ஸைகோனைக் காப்பாற்ற அவன் தன் சொந்தத் தம்பியைக் கொன்றான். பிடித்த நகரத்து மக்களை அடிமையாக்கினான். டர்கான் நேரில் போய்ச் சமாதானம் பேசியபோது, தான் இத்தனை வருடம் கேட்டதில் பெரும்பங்கு கைக்கெட்டும் தூரத்தில் வந்தும் ஒப்புக்கொள்ளாமல் தாக்கினான். ஏன்? ஒப்புக்கொண்டால் தம்பி வீணாகச் செத்தான் என்று ஆகிவிடும், அதை அவனால் தாங்க முடியவில்லை. நிலம் கேட்பது நியாயம்தான். நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-ல், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், உன் பாட்டி மாதிரி ஆட்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணத்தில்தான் தோட்டங்களை வாங்கினார்கள். அதையும் கூட்டாளிகளிடம் சொல்.

இனி கதைக்கு வருகிறேன். ஸ்னார்லை நிரந்தரமாக அடைக்க நாலு நிறச் சக்தி வேண்டும், மூன்றுதான் கடவுள்களிடம் மிச்சம், நாலாவது ஊதா, அது கோப்ளின் கடவுளிடம் மட்டும் இருக்கிறது என்று தோர் கடவுளே டர்கானிடம் விளக்கியிருக்கிறார். அந்தக் கடவுளின் உச்ச மந்திரத்தை எடுத்துவிடக்கூடிய பூசாரி ரெட்கிளோக். அவனை வெட்டிப்போட்டால் கதை முடியாது, உலகம்தான் முடியும். ஆகவே கூட்டாளிகள் ‘வில்லன் செத்தால் சுபம்’ என்று சொன்னால், அப்புறம் ஊதாவுக்கு எங்கே போவீர்கள் என்று கேள். ஸைகோனின் உயிர் ஒளித்து வைத்திருக்கிற நிஜப் பொருளை ரெட்கிளோக் ரகசியமாக மாற்றி வைத்திருக்கிறான் என்பதையும் சேர்த்துக் கேள். ஸைகோன் மேல் அவன் கை ஓங்குகிற நாள் வரும் என்றுதான் நான் நினைக்கிறேன். அது மனம் மாறியா, பழிவாங்கவா என்பதில்தான் எனக்கே இன்னும் தூக்கம் வராமல் இருக்கிறது.

கூட்டாளி ஒருத்தி நான் படிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிடுறா. என்ன பண்ண?
*– நான்காம் படிவ மாணவி*

படித்து முடிக்கும்வரை பேசாதே என்று முகத்துக்கு நேரே சொல். கேட்கவில்லையென்றால் புதுப் பக்கம் வந்த அன்றைக்கு அவளோடு பசியாறப் போகாதே.

வார்சூவியஸ் பேய்களிடம் வாங்கிய கடன் தீர்ந்துவிட்டதா?
*– ஆசிரியர், தமிழ்ப்பள்ளி*

இல்லை ஐயா. மூன்று ஆவிகளை இரவல் வாங்கிய நேரத்துக்குச் சமமாக அவருடைய ஆன்மாவை அந்த மூன்று பேய்களும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஒப்பந்தம். ஒருவர் தன் பங்கை நாலாவது வாசல் உடைந்த நேரத்தில், வார்சூவியஸ் குறுக்கே வரமுடியாதபடி, துல்லியமாகப் பயன்படுத்திவிட்டார். இன்னும் இரண்டு பங்கு பாக்கி. கடைசி வாசலில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது வார்சூவியஸ் மந்திரத்தை எடுத்து வாயைத் திறக்கிற அந்தக் கட்டத்தில் இரண்டாவது பங்கு பிடுங்கப்படும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை எங்கே வைப்பார் என்பதற்கு உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு, எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்பதோடு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.