வாசகர் கேள்விகள்: நிழலும் நீழலும்

கேள்வி: 'திருவடி நிழல்' என்கிறோம். கடத்தல் கும்பல்களை 'நிழல் உலகம்' என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?
- நெல்லிக்குப்பம் வாசகி

பதில்: 'நிழல் உலகம்' செய்தித்தாள்கள் பரப்பிய வழக்கு, அம்மா. பழைய நூல்களில் நிழலுக்குக் குளிர்ச்சி, அருள், நீரில் தெரியும் உருவம், ஏன், ஒளி என்றுகூடப் பொருள் உண்டு. தீமை செய்தவனைக் கேடு விடாது என்று சொல்ல வந்த வள்ளுவரும், அடியை விட்டு நீங்காத நிழலைத்தான் காட்டினார் (குறள் 208).

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அப்பர். நம் கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்தவர். பல்லவ மன்னன் அவரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைத்தான் என்கிறது பெரியபுராணம். அங்கே அவர் பாடியதாகச் சொல்லப்படும் 'மாசில் வீணையும்' பாடலில் வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை எல்லாம் வரிசையாக வந்து, 'ஈசன் எந்தை இணையடி நீழலே' என்று முடிகின்றன. நீழல் என்பது நிழலே, செய்யுளுக்காக நீண்டது. வடலூர் வள்ளலாரும் 'கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்வகை கிடைத்த குளிர்தருவே தருநிழலே' என்றுதான் இறைவனை அழைத்தார். சித்திரையில் பண்ருட்டிச் சாலையில் நடந்தவருக்கு இந்த வரிக்கு உரை வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததே, அதை அடுத்து வந்த கோடையைக் கடந்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

கேள்வி: பேருந்து நிறுத்தத்துக்கு 'நிழற்குடை' பொருத்தமான பெயரா?
- கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: மிகப் பொருத்தம். மன்னனின் குடை நிழலில் மக்கள் வாழ்வதாகச் சொல்வது நம் மரபு. உழவரைப் புகழும் குறளும் 'பலகுடை நீழலும் தங்குடைக்கீழ்க் காண்பர்' என்கிறது (1034). என் வருத்தமெல்லாம் கட்டும் விதத்தில்தான். மேற்குப் பார்த்த நிழற்குடையில் பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் இருக்கையில் காய்கிறது; நிழலோ பின்புறச் சாக்கடை மேல் விழுகிறது. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் அங்கே போய் ஒதுங்குகிறார்கள். கட்டுவதற்கு முன் பொறியாளர் ஒரு பிற்பகல் அந்த இடத்தில் நின்று பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு புங்கமரமும் நடட்டும்.

கேள்வி: நிழலில்லா நாள் எங்கள் ஊரில் எப்போது வரும்?
- புதுச்சேரி மாணவர்

பதில்: ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 வாக்கில். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, தம்பி. சூரியன் கடக ரேகையை நோக்கிப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் நம் தலைக்கு நேர் மேலே வரும்; அந்த உச்சிவேளையில் செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் பக்கவாட்டில் விழாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் உச்சிவேளை சற்றுத் தாமதமாகும். ஏப்ரலில் 12.10 மணி, ஆகஸ்டில் 12.14 மணி அளவில் மொட்டைமாடியில் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். டிசம்பர் கடைசியிலும் அதே குழாயை நிறுத்துங்கள். உச்சிவேளையிலும் ஒரு மீட்டருக்கு 70 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். ஜூனில் அது தெற்கே திரும்பியிருக்கும்.