ஒழுங்குபடுத்தும் ரி கலங்கள் குறைவதாலா பெருங்குடல் புண்ணாகிறது?

தம்பிக்குப் பெருங்குடல் அழற்சி, நோயெதிர்ப்பு அளவு மீறாமல் அடக்கும் இந்த வெள்ளை இரத்தக் கலங்களைச் சாப்பாட்டால் கூட்டலாமா என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

குறைவு என்பது பாதிதான் சரி. நோய் கிளம்பும்போது இரத்தத்தில் இவை குறைகின்றன. ஆனால் புண்பட்ட குடற்சுவரில் வழமையைவிட அதிகமாகவே இருக்கின்றன. இவை இன்ரலூக்கின்-10, ரிஜிஎஃப்-பீற்றா ஆகிய கட்டளைப் புரதங்களைச் சுரந்து, உணவையும் நல்ல பக்ரீரியாவையும் தாக்கப் புறப்படும் கலங்களை அடக்கும். அழற்சிக் குடலில் அந்தத் தாக்கும் கலங்களுக்குள் ஸ்மாட்7 என்ற புரதம் மிகுந்து, ரிஜிஎஃப்-பீற்றாவின் கட்டளையை உள்ளே போகவிடாமல் மறிக்கிறது. காவல் நிற்கிறது, சொல் எடுபடவில்லை. இன்ரலூக்கின்-10இன் கட்டளையை வாங்கும் ஏற்பி பிறப்பிலேயே பழுதான குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே கடும் குடலழற்சி வருவது இப்படி அடக்கும் கட்டளைகளின் பெறுமதியைக் காட்டும்.

நார்ச்சத்தைப் பெருங்குடல் பக்ரீரியா நொதிக்கச்செய்து உண்டாக்கும் பியூட்டிரேற்று, எலிகளில் இக்கலங்களைப் பெருக்கியது. ஆகவே நோய் தணிந்திருக்கையில் குரக்கன், பயறு, கீரை நல்லது. குடல் ஒடுங்கியிருந்தாலோ இரத்தம் போகும்போதோ முரட்டு நார் வலியைக் கூட்டும். அப்போது குழைந்த சோறு போதும்.

சாப்பாட்டை நம்பி, குடல் அழற்சியைத் தணிக்கும் மருந்தான மெசலசீனை நிப்பாட்டிவிடாதீர்கள். திரும்ப இரத்தம் கண்டால், ஸ்ரீரொயிட் தொடங்கமுன் மலத்தில் அமீபா பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள்; அமீபாவும் இதே மாதிரி இரத்தம் போகவைக்கும், ஸ்ரீரொயிட் அதை மோசமாக்கும்.